அதிர்வை அடக்கும் இறப்பர்

கண்டி மாநகரம் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியில் அமைந்தது போன்றது. மேற்கே கடுகண்ணாவைக் கணவாயில் ஏறிவரும் வீதியும், வடக்கே கட்டுகஸ்தோட்டை வீதியும், தெற்கே கம்பளையிலிருந்து பேராதனை வழியாக வரும் வீதியும், கிழக்கே தென்னெக்கும்புரைப் பாலத்தைக் கடந்து வரும் வீதியும் இக்கிண்ணத்துள்ளேயே வந்து கூடுகின்றன. பாடசாலைகளும் மருத்துவமனையும் வழிபாட்டுத் தலங்களும் நெருங்கியிருக்கும் இச்சிறு வெளியில், வாகனங்களும் இயந்திரங்களும் எழுப்பும் இரைச்சல் வீதியோரத்தாரை மாத்திரமன்றி மலைச்சரிவுகளில் வாழ்வோரையும் சென்றடைகின்றது. இவ்விரைச்சலிற் பெரும் பகுதி தவிர்க்க முடியாததன்று என்பதும், அதனைத் தணிக்கும் பொருள் நம் நாட்டு மரத்திலிருந்தே வடிகின்றது என்பதும் சிந்திக்கத்தக்கவை.

பஸ் நிலையத்தில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் வண்டியில் அமர்ந்திருப்போர் ஒரு புதுமையைக் கண்டிருப்பர். வண்டி நிற்கும்போது சன்னற் கண்ணாடிகள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். இருக்கையின் இரும்புப் பிடி கையை நடுங்கச் செய்யும். கூரைத் தகடும் ஒலிக்கும். வண்டி புறப்பட்டு எஞ்சின் விரைவாகச் சுழலத் தொடங்கியதும் அந்த நடுக்கம் பெரிதும் அடங்கிவிடும். மெதுவாக ஓடும் எஞ்சின் அதிகமாக அதிரச் செய்வதும், விரைவாக ஓடும் எஞ்சின் குறைவாக அதிரச் செய்வதும் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்போமாயின் அதிர்வைக் கட்டுப்படுத்தும் கலையின் அடிப்படையே விளங்கிவிடும்.

ஓசை என்பது அதிர்வின் குழந்தை. கோயில் மணியை அடித்தவுடன் அதன் விளிம்பில் விரலை வைத்தால் நடுக்கம் தெரியும். சற்றே அழுத்தினால் நடுக்கமும் ஓசையும் ஒருங்கே அடங்கும். இயந்திரத்தின் இரைச்சல் இரு வழிகளால் நம் செவியை அடைகின்றது. ஒன்று, புகைக்குழாயிலிருந்தோ விசிறியிலிருந்தோ காற்றின் வழியாக நேரே வருவது. மற்றது, இயந்திரத்தின் நடுக்கம் அதன் பீடத்துக்கும், பீடத்திலிருந்து தரைக்கும் சுவருக்கும் வண்டியின் உடலுக்கும் பரவி, அங்குள்ள தகடுகளையும் பலகைகளையும் பறையின் தோலைப்போல அதிரச் செய்து, அவற்றிலிருந்து ஓசையாய் வெளிப்படுவது. முதல் வழியை அடைப்பதற்குச் சுவரும் ஒலியடக்கியும் வேண்டும். இரண்டாவது வழியை அடைப்பதற்கே இறப்பர் பெரிதும் பயன்படுகின்றது.

ஒவ்வொரு பொருளுக்கும் தானாக ஆடுவதற்கென்று ஒரு வேகம் உண்டு. ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் அது தனக்குரிய கால அளவிலேயே ஆடும். ஒரு செக்கனில் எத்தனை முறை ஆடுகின்றது என்பதே அதன் இயற்கை மீடிறன். ஊஞ்சல் ஆடும் காலத்தோடு ஒத்துத் தள்ளினால் சிறு குழந்தையின் கைவலியே போதும்; ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். இதனையே பரிவு என்பர் அறிவியலார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. அந்த அடிகள் காலமறிந்து விழுமாயின் அம்மி விரைவாகவே நகரும். ஆனால் ஊஞ்சலை அதன் காலத்துக்கு மிக விரைவாக மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் பார்த்தால் அது அசையாது நிற்கக் காணலாம். ஒரு தள்ளலுக்கு அது இணங்கத் தொடங்குமுன்னரே எதிர்த் தள்ளல் வந்துவிடுகின்றது. அதிர்வைத் தடுக்கும் கலையின் இரகசியம் இதுதான். இயந்திரத்தின் துடிப்பு, அது அமர்ந்திருக்கும் தாங்கியின் இயற்கை மீடிறனிலும் பலமடங்கு விரைவாக இருக்கவேண்டும். சரியாகச் சொன்னால், துடிப்பு அம்மீடிறனின் 1.4 மடங்கைத் தாண்டிய பின்னரே பயன் தொடங்கும். அதற்குக் கீழே தாங்கி அதிர்வைக் குறைப்பதில்லை, பெருக்கவே செய்யும்.

இயற்கை மீடிறனை அறிவதற்கு எளிய கணக்கொன்று உண்டு. இயந்திரத்தைத் தாங்கியின்மேல் வைத்தால் அதன் பாரத்தால் தாங்கி எவ்வளவு பதிகின்றது என்று அளந்தாற் போதும். 1 மில்லிமீற்றர் பதியுமாயின் மீடிறன் செக்கனுக்கு ஏறக்குறைய 16. 4 மில்லிமீற்றர் பதியுமாயின் 8. பதிவு நான்கு மடங்கானால் மீடிறன் பாதியாகும். இறப்பர் ஓய்ந்திருக்கும்போதைவிட அதிரும்போது சற்றே விறைப்பாக நடந்துகொள்ளும்; ஆதலால் உண்மையான மீடிறன் இதனினும் சிறிது கூடும்.

இனிப் பஸ் வண்டியின் வினாவுக்கு வருவோம். நான்கு உருளைகளைக் கொண்ட டீசல் எஞ்சின் நின்ற நிலையில் நிமிடத்துக்கு 600 முறை, அதாவது செக்கனுக்கு 10 முறை சுழல்கின்றது எனக் கொள்வோம். ஒவ்வொரு சுழற்சிக்கும் இரு உருளைகளில் எரிபொருள் வெடிப்பதால் செக்கனுக்கு 20 துடிப்புகள் எழும். தாங்கிகள் பழுதுற்று இறுகி 1 மில்லிமீற்றரே பதியுமாயின் அவற்றின் மீடிறன் 16. துடிப்பு இந்த 16க்கு அண்மையில் இருப்பதால், வண்டியின் உடலை அடையும் அதிர்வு குறைவதற்குப் பதிலாக ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகப் பெருகும். எஞ்சின் 1,500 சுழற்சிக்கு உயரும்போது துடிப்புகள் 50 ஆகும். அப்பொழுது உடலை அடைவது ஒன்பதில் ஒரு பங்கே. விரைவில் அமைதியும் நிறுத்தத்தில் நடுக்கமும் தோன்றுவதன் காரணம் இதுவே. தாங்கிகள் நல்ல நிலையிலிருந்து 4 மில்லிமீற்றர் பதியுமாயின், நின்ற நிலையிலேயே ஐந்தில் ஒரு பங்கு அதிர்வுதான் பயணிகளை வந்தடையும். இப்பெரும் வேறுபாட்டை உண்டாக்குவது உள்ளங்கை அளவான சில இறப்பர்த் துண்டுகள் என்பது வியப்பன்றோ!

இப்பணிக்கு இறப்பரைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் யாது? உருக்கு விற்சுருளும் பாரத்தைத் தாங்கிப் பதியக்கூடியதே. ஆயின் உருக்கு, உயர்ந்த ஓசையைத் தன் கம்பி வழியாகவே கடத்திவிடும். ஆடத் தொடங்கினால் எளிதில் நிற்கவும் மாட்டாது. இறப்பரோ தன்னுள்ளேயே ஓர் உராய்வைக் கொண்டது. அழுத்தும்போது பெற்ற ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக்கிக் கரைத்துவிடுகின்றது. இதனையே தணிப்பு என்பர். எஞ்சினை நிறுத்தும் வேளையில் அதன் சுழற்சி படிப்படியாகக் குறைந்து பரிவு நிலையைக் கடக்கும்போது வண்டி ஒருமுறை குலுங்கி ஓய்வதற்குத் துணைபுரிவது இத்தணிப்பே. இயற்கை இறப்பரிலே தணிப்பு அளவோடுதான் உண்டு. காபன் கரியைக் கலந்து அதனை மிகுவிக்கலாம்.

இறப்பருக்கு மற்றுமொரு குணமுண்டு. அது வடிவத்தை எளிதில் மாற்றுமேயன்றிக் கனவளவை மாற்றாது. நாற்புறமும் மூடிய இரும்புப் பெட்டியில் இறப்பரை இறுக நிரப்பி மேலிருந்து அழுத்தினால் அது நீரைப்போலவே விட்டுக்கொடாது நிற்கும். பக்கங்களிற் பிதுங்க இடமிருந்தாலன்றி இறப்பர் பதியாது. அதனாலேயே இயந்திரங்களின் கீழிடும் இறப்பர் மெத்தைகளிற் பள்ளங்களும் துளைகளும் விடப்படுகின்றன. மேலும், நேரே அழுத்தும்போது காட்டும் எதிர்ப்பைவிடப் பக்கவாட்டில் சரியச் செய்யும்போது இறப்பர் காட்டும் எதிர்ப்பு மிகக் குறைவு. இரு உருக்குத் தகடுகளுக்கிடையே இறப்பரை ஒட்டிச் சாய்வாகப் பொருத்தினால், ஒரு திசையில் உறுதியும் மற்றொரு திசையில் நெகிழ்வும் கொண்ட தாங்கி கிடைக்கும். கடுகண்ணாவையின் வளைவுகளில் கியரை மாற்றி மாற்றி ஏறும் லொறியின் எஞ்சின் மேலும் கீழும் மெல்ல அசையலாம். முன்னும் பின்னும் பாய்ந்துவிடலாகாது. இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவது அத்தாங்கியே.

இத்துணைச் சிறப்புடைய பொருள் இந்நாட்டுக்கு வந்த வரலாறு கண்டியோடு தொடர்புடையது. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பார் பிரேசில் நாட்டின் அமேசன் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவிற் சேர்த்தார். முளைத்தவை 2,000க்கு மேற்பட்டவையே. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அக்காலத்தில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக விளங்கியவர் துவைற்ஸ் என்னும் அறிஞர். மலைநாட்டுக் குளிர்ச்சியினும் தாழ்நாட்டு வெப்பமே இம்மரத்துக்கு ஏற்றதாகையால், கம்பஹாவுக்கு அண்மையில் ஹேனரத்கொடையில் இதற்கென அமைக்கப்பட்ட பூங்காவில் கன்றுகள் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு விதை வழங்கிய தாய்வீடுகளுள் ஒன்று அப்பூங்கா. 1909 ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிமார் தொடக்கிய ஆராய்ச்சி முயற்சியே பின்னர் அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வழியில் கேகாலைப் பகுதியின் சரிவுகளிலே சிரட்டை கட்டிய மரங்கள் வரிசை வரிசையாக நிற்பதை இன்றும் காணலாம். 1952 இல் இந்நாடு சீனத்துடன் செய்துகொண்ட இறப்பர்–அரிசி உடன்படிக்கை, அம்மரங்களின் பாலே மக்களின் சோறாகிய காலத்தை நினைவூட்டும்.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். பாலுக்கு நீர் சேர்த்து, போமிக் அமிலமோ அசற்றிக் அமிலமோ இட்டு உறையச் செய்து, உருளைகளுக்கிடையே அழுத்தித் தாளாக்கிப் புகையில் உலர்த்துவர். ஆயினும் இந்நிலையிலுள்ள இறப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839 இல் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர், இறப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குமெனக் கண்டார். நீண்ட நூல்கள் போன்ற இறப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் இடையிடையே முடிச்சிட்டுப் பிணைப்பதே இதன் காரணம். எஞ்சின் தாங்கியைச் செய்வோர் உருக்குத் தகட்டைத் துப்புரவாக்கி, ஒட்டுமருந்து பூசி, கந்தகமும் காபன் கரியும் கலந்த இறப்பரை அச்சினுள் அதன்மேல் இட்டு, அழுத்தியும் சூடாக்கியும் வேகவைப்பர். அப்பொழுது இறப்பரும் உருக்கும் பிரிக்கலாகாவண்ணம் ஒன்றிவிடும்.

வாகனங்களில் இறப்பரின் முதற் சேவை சில்லிலேயே தொடங்கியது. 1888 இல் டன்லப் என்பார் தம் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்காகச் செய்த காற்றடைத்த டயர், கல்வீதியின் அதிர்வைச் சில்லிலேயே தடுத்தது. எஞ்சினின் அதிர்வைத் தடுக்கும் முயற்சி நெடுங்காலத்தின் பின்னரே வெற்றி பெற்றது. 1931 இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் வண்டியின் எஞ்சினை இறப்பர்த் தாங்கிகளில் மிதக்கவிட்டாற்போல அமைத்தது. நான்கு உருளை எஞ்சினின் நடுக்கத்தைப் பயணிகள் உணராதவாறு செய்தமையால் அவ்வமைப்பு பெரும்புகழ் பெற்றது. இன்றைய வண்டியொன்றில் இறப்பர் இல்லாத மூட்டே இல்லை எனலாம். சில்லைத் தாங்கும் கரங்களின் மூட்டுகளிற் புஷ் எனப்படும் இறப்பர் வளையங்கள் உண்டு. புகைக்குழாய் இறப்பர் வளையங்களில் தொங்குகின்றது. கதவைச் சூழ்ந்த இறப்பர்ப் பட்டி, காற்றுவழி வரும் ஓசைக்கும் கதவடைக்கின்றது. சில வண்டிகளில் இறப்பரினுள்ளே திரவம் நிரம்பிய அறைகளைக் கொண்ட தாங்கிகளும் உண்டு. நின்ற நிலையில் நெகிழ்வையும் மேடுபள்ளங்களில் மிகுந்த தணிப்பையும் அவை தருகின்றன. புகையிரதப் பாதையிலும் தண்டவாளத்துக்கும் கொங்கிறீற்றுச் சிலிப்பருக்கும் இடையே மெல்லிய இறப்பர் மெத்தையொன்று கிடந்து, சில்லின் அடியை ஏற்றுக்கொள்கின்றது.

கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தொழிற்சாலைகளில் இதே சிக்கல் வேறு உருவில் தோன்றுகின்றது. ஹந்தானையில் 1925 இல் எழுந்த நான்கு மாடித் தொழிற்சாலையொன்று இன்று தேயிலை நூதனசாலையாகத் திகழ்கின்றது. அங்குள்ள பழைய இயந்திரங்களைக் காண்போர், அவை ஓடிய காலத்து இரைச்சலை ஒருவாறு கற்பனை செய்துகொள்ளலாம். ஒரே எஞ்சினிலிருந்து நீண்ட தண்டும் பட்டிகளும் வழியாக எல்லா இயந்திரங்களும் இயங்கிய காலம் அது. இன்று ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி மின்மோட்டர் உண்டு. கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றூதும் விசிறியொன்று நிமிடத்துக்கு 1,440 முறை சுழல்வதாகக் கொள்ளின், செக்கனுக்கு 24 துடிப்புகள் எழும். 4 மில்லிமீற்றர் பதியும் இறப்பர்த் தாங்கிகளில் அதனை அமர்த்தினால் தரையை அடையும் அதிர்வு எட்டில் ஒன்றாகும். மேல்மாடியின் மரத்தளம் பறையாகாமல் தப்பும்.

ஆயினும் இறப்பர் எல்லா நோய்க்கும் மருந்தன்று. தேயிலையைத் தரம் பிரிக்கும் சல்லடை நிமிடத்துக்கு 300 முறை ஆடுமாயின் செக்கனுக்கு 5 துடிப்புகளே. அதன் அதிர்வைத் தடுக்கத் தொடங்குவதற்கே தாங்கி 20 மில்லிமீற்றருக்கு மேற் பதியவேண்டும். மெல்லிய இறப்பர்த் தாள் இங்கே ஒன்றும் செய்யாது. இறப்பர் இட்டோம் என்னும் மனநிறைவையே தரும். மெதுவாக ஆடும் இயந்திரத்துக்கு ஏற்ற வழிகள் மூன்று. அசையும் பாகங்களை எதிரெதிரே நிறுத்திச் சமப்படுத்தல், பாரமான பீடத்தில் அமர்த்தல், நீண்டு பதியும் உருக்கு விற்சுருள்களைப் பயன்படுத்தல் என்பனவே அவை. விற்சுருளின் அடியில் இறப்பர்த் துண்டொன்றை இட்டால் கம்பி வழியே ஊர்ந்துவரும் உயர்ந்த ஓசை அங்கே தடைப்படும்.

இவையெல்லாம் வசதியைப் பற்றிய செய்திகள் மாத்திரமல்ல. செவியின் உட்பகுதியில் ஓசையை உணரும் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்வோருக்கு 85 தெசிபெல் என்னும் அளவைத் தொழிற் சுகாதார அறிஞர் எல்லையாகக் கொள்கின்றனர். தெசிபெல் கணக்கு ஏமாற்றும் இயல்புடையது. 3 தெசிபெல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகும். ஆகவே 88 தெசிபெல் இரைச்சலில் 4 மணி நேரமே பாதுகாப்பானது. இரைச்சல் மிகுந்த தொழிற்சாலையில் இருபதாண்டு உழைத்தவர், தம் பேரக்குழந்தையின் மழலையைக் கேட்க இயலாதவராகி வீடு திரும்புவாராயின் அந்த இழப்பை எந்த வேதனமும் ஈடுசெய்யாது. வலியின்றி, நாளுக்கு நாள் சிறுகச் சிறுகத் தேய்வதால் அவ்விழப்பு நேர்வதை அவரே அறியார். நாள் முழுவதும் அதிரும் இருக்கையில் அமர்ந்திருக்கும் சாரதியின் முதுகெலும்புக்கும் இத்தகைய கேடு உண்டு. 1996 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் இரைச்சற் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், மருத்துவமனை, பாடசாலை, நீதிமன்றம் முதலியவற்றைச் சூழ்ந்த 100 மீற்றர் எல்லையை அமைதி வலயமாகக் கொண்டு, அங்கே பகலில் 50 தெசிபெல்லும் இரவில் 45 தெசிபெல்லும் என வரையறுத்தன. சட்டம் எல்லையைக் காட்டும். அவ்வெல்லைக்குள் இயந்திரத்தை நிறுத்துவது பொறியியலின் கடமை.

அவ்வாறு நிறுத்தத் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமையும் கவனக்குறைவுமே. இறப்பருக்கும் முதுமை உண்டு. வெப்பமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் அதனை இறுகவும் வெடிக்கவும் செய்கின்றன. எஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெய் இயற்கை இறப்பரை ஊதச்செய்து மென்மையாக்கிச் சிதைக்கும். எண்ணெய் படும் இடங்களில் நைத்திரைல், நியோபிறீன் போன்ற செயற்கை இறப்பர்களைப் பயன்படுத்துவது அதனாலேயே. மலைநாட்டு ஏற்றத்தில் சூடேறி ஓடும் எஞ்சினின் தாங்கிகள் விரைவில் முதுமையடையக்கூடும். அத்தகைய தாங்கியை மாற்றாமல், பழைய டயரின் துண்டொன்றை வெட்டிச் செருகுவோரும், இரும்புக் கட்டையால் முட்டுக்கொடுப்போரும் உளர். டயர்த்துண்டினுள் நூலும் கம்பியும் இருப்பதால் அது வேண்டிய அளவு நெகிழாது; இரும்புக் கட்டையோ இறப்பர் அடைத்த வழியை மீண்டும் திறந்துவிடும்.

வழியைத் திறந்துவிடும் தவறுகள் இன்னும் சில உண்டு. நான்கு தாங்கிகளும் புதியனவாக இருக்க, எஞ்சினைச் சட்டத்தோடு இணைக்கும் ஒரு குழாய் மாத்திரம் விறைத்த இரும்பாக இருப்பின் அதிர்வு அக்குழாய் வழியே சென்றுவிடும். நாற்புறமும் வேலியிட்டுப் படலையைத் திறந்து வைத்தது போன்றது அது. ஆகவே நீர்க்குழாயும் எரிபொருட் குழாயும் ஓரிடத்திலேனும் நெகிழ்வான துண்டைக் கொண்டிருக்கவேண்டும். சுரையை அளவுக்கு மீறி முறுக்கினால் இறப்பர் நசுங்கி, பிதுங்க இடமின்றிக் கல்லாகிவிடும். இறப்பரின்மேல் எண்ணெயையோ வர்ணத்தையோ பூசுவதும் தீதே.

இறப்பர் நீண்ட காலம் உழைக்குமா என ஐயுறுவோருக்கு அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரம் விடை கூறும். அங்கே 1889 ஆம் ஆண்டையொட்டி ஒரு புகையிரத மேம்பாலத்தில் இட்ட இயற்கை இறப்பர்த் துண்டுகளை ஏறக்குறைய நூறாண்டின் பின் ஆராய்ந்தபோது, மேற்பரப்பு மாத்திரமே பழுதுற்று உட்பகுதி நலமாயிருக்கக் கண்டனர். தடித்த இறப்பரின் உள்ளே காற்று எளிதிற் புகாமையே காரணம். இவ்வுறுதியை நம்பி, 1966 இல் இலண்டனில் நிலக்கீழ்ப் புகையிரத நிலையமொன்றின் மேலே அல்பனி கோட் என்னும் மாடிவீட்டையே இறப்பர்த் தாங்கிகளில் எழுப்பினர். 1969 இல் ஸ்கோப்ஜே நகரில் நிலநடுக்கத்தைத் தாங்குமாறு பாடசாலையொன்று இறப்பரின்மேல் அமைந்தது. 2020 ஆம் ஆண்டில் திகனையைச் சூழ்ந்த பகுதிகளிற் சிறு நிலநடுக்கங்களை உணர்ந்த கண்டி மக்களுக்கு இச்செய்தி அயலாருடையதாகத் தோன்றாது.

மரத்தை வளர்த்துப் பாலெடுத்துத் தாளாக்கி விற்பதோடு நின்றுவிடும் நாடு, அத்தாளின் பயன்களுள் மிகச் சிறியதையே பெறுகின்றது. திண்ம டயர்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் ஆற்றலை இலங்கை முன்னரே நிலைநாட்டியுள்ளது. அதே கைத்திறன் எஞ்சின் தாங்கிகளிலும் பாலத் தாங்கிகளிலும் இயந்திர மெத்தைகளிலும் விரியுமாயின் பொருளும் பெருகும், வேலையும் பெருகும். அதற்கு முன்னரே எவரும் தொடங்கக்கூடிய செயல் ஒன்றுண்டு. சாரதியும் இயந்திரப் பொறுப்பாளரும் எண்ணெயின் அளவைப் பார்ப்பது போலவே தாங்கிகளையும் மாதந்தோறும் பார்த்தல் வேண்டும். வெடித்ததும் எண்ணெயில் ஊறியதும் இறுகியதுமான இறப்பரை, இயந்திரம் நிற்கும்வரை காத்திராமல், உடனே மாற்றுதல் வேண்டும். அதற்குச் செலவாகும் தொகை சிறிது. காக்கப்படுவதோ உழைப்பவரின் செவியும் முதுகும், வீதியோர வகுப்பறையில் ஆசிரியரின் குரலைக் கேட்க முயலும் மாணவரின் கவனமுமாகும்.